பனியில் கொதிக்கும் வண்டி

சென்ற குளிர்காலத்தில் நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு, கனடாவின் வட ஒன்ராறியோவில் வேலை பார்க்கும் என் தம்பியின் வீட்டில் ஐந்து வாரங்கள் தங்கியிருந்தேன். அவன் அப்போதுதான் புதிய ஸ்னோமொபைல் ஒன்றை வாங்கியிருந்தான். பனியூர்தி என்று தமிழில் சொல்லலாம்; சொன்னேன்; அவன் சிரித்தான். முன்னால் திசை திருப்ப இரண்டு ஸ்கீக்கள், பின்னால் வண்டியை உந்தித்தள்ள அகன்ற ரப்பர்ப் பட்டை, நடுவில் மோட்டார் சைக்கிள் போன்ற இருக்கை. வண்டி வந்த நான்காம் நாள், தூரம் காட்டும் எண் 140 கிலோமீட்டரைத் தொட்டிருந்தபோது, உறைந்த ஏரி ஒன்றின் நடுவில் அது நின்றுவிட்டது.

நின்ற காரணம்தான் என்னை இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது. வெளியே வெப்பநிலை மைனஸ் 25 பாகை. வண்டி நின்றதோ எஞ்சின் கொதித்ததனால்.

சிவப்பு விளக்கு முன்னரே எரிந்தது. பின்னால் அமர்ந்திருந்த எனக்கும் அது தெரிந்தது. "என்னடா அது, சிவப்பா எரியுது?" என்று தோளைத் தட்டிக் கேட்டேன். "இந்தக் குளிர்ல எஞ்சின் எப்படி அண்ணா சூடாகும்? புது வண்டி, சென்சார்ல ஏதோ கோளாறு" என்றான். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. மேலும் மூன்று நான்கு நிமிடங்கள் அதே வேகத்தில் போனோம். பிறகு இனிப்பு கலந்த ஒரு வாடை, முன்மூடியின் இடுக்குகளிலிருந்து ஆவி, அதன்பின் அமைதி. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் அந்தப் பனிக்கட்டியின் மேல் கால்களை உதைத்துக்கொண்டு நின்றோம். அவ்வழியே வந்த உள்ளூர்க்காரர்கள் நால்வர் எங்களைக் கரைசேர்த்தனர். அவர்களில் வயதில் மூத்தவர், கயிறு கட்டுவதற்கு முன் பக்கவாட்டு மூடியைத் திறந்து எஞ்சினுக்கும் பட்டைக்கும் இடையிலுள்ள பெல்ட்டைக் கழற்றிக் கையில் கொடுத்தார். இழுத்துச் செல்லும்போது அது மாட்டியிருக்கக் கூடாதாம். பிறகு ஏரியைச் சுற்றிக் கைகாட்டி, "இங்கே பனித்தூள் எங்கே இருக்கிறது, பார்" என்று மட்டும் சொன்னார்.

அன்றிரவு வண்டியின் கையேட்டைத் தேடினேன். இருக்கைக்குக் கீழே, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல் கிடந்தது. நான் இயந்திரவியல் படித்தவனல்லன். தமிழ் இலக்கியம் படித்து, அதையே கற்பித்து வருபவன். உரைகளோடு நூல் வாசித்துப் பழகிய கண்ணால்தான் அதையும் வாசித்தேன். பின்னர் தம்பியின் நண்பர்களிடமிருந்து வேறு இரண்டு நிறுவனங்களின் கையேடுகளையும் வாங்கி ஒப்பிட்டேன். அந்த வாசிப்பிலிருந்து தோன்றிய சில கருத்துகளே இவை.

*

முதலில், பனிநாட்டில் எஞ்சின் ஏன் கொதிக்கிறது என்பது.

காரிலும் லாரியிலும் ரேடியேட்டர் உண்டு. எதிர்க்காற்றும் விசிறியும் அதைக் குளிர்விக்கும். திரவத்தால் குளிரும் பெரும்பாலான ஸ்னோமொபைல்களில் ஏற்பாடு வேறு. எஞ்சினைச் சுற்றி ஓடும் கூலண்ட், இருக்கைக்குக் கீழே பட்டை சுழலும் கூடத்தின் மேற்கூரையிலும் பக்கங்களிலும் பொருத்தப்பட்ட அலுமினிய வெப்பமாற்றிகள் வழியாகச் செல்கிறது. சுழலும் பட்டை பனித்தூளை வாரி மேல்நோக்கி எறிகிறது. அது வெப்பமாற்றிகளில் மோதி உருகி, வெப்பத்தை வாங்கிக்கொண்டு கீழே விழுகிறது. எனவே இந்த வண்டியைக் காப்பது குளிர்ந்த காற்றைக் காட்டிலும் உதிரிப்பனிதான்.

இது விளங்கிவிட்டால் மற்றவை தாமே விளங்கும். காற்று அடித்துச் சென்று வழவழப்பாகிவிட்ட ஏரிப் பனிக்கட்டியின் மேலும், நூறு வண்டிகள் ஓடிக் கல்லாக இறுகிய தடத்தின் மேலும், பனி உருகிய சாலைக் குறுக்கீட்டிலும் பட்டைக்கு வாரி எறிய ஒன்றும் கிடைப்பதில்லை. வெப்பநிலை மைனஸ் 30 ஆனாலும் அங்கே எஞ்சின் சூடேறும். எஞ்சினை ஓடவிட்டபடி ஓரிடத்தில் நெடுநேரம் நின்று பேசிக்கொண்டிருந்தாலும் அப்படியே, ஏனெனில் நிற்கும் வண்டியின் பட்டை பனியை எறிவதில்லை. எஞ்சின் மட்டுமன்று. பட்டை வழுக்கி ஓடுவதற்கான பிளாஸ்டிக் சறுக்குத்தண்டுகளுக்கும் பனியே மசகு. பனியில்லாத தரையில் அவை தேய்ந்து உருகத் தொடங்கும்.

எங்கள் ஏரி காற்று துடைத்த ஏரி. வண்டியில் இரண்டு ஆள் பாரம். அதன் மேல், இடைவிடாத முழு வேகம். இத்தனையும் சேர்ந்த பிறகு வண்டி கொதிக்காமல் இருந்திருந்தால்தான் வியப்பு.

தடுக்கும் வழிகளும் எளியவையே. எறிய பனியில்லாத இடங்களில் ஓடுவதற்கென்றே, சறுக்குத்தண்டுகளில் பொருத்தும் எஃகுச் சுரண்டிகள் விற்கின்றன. அவை கீழே உரசிப் பனிக்கட்டியைத் துருவித் தூளாக்கிப் பட்டையிடம் கொடுக்கின்றன. வண்டியின் விலையோடு ஒப்பிட்டால் அவற்றின் விலை ஒரு பொருட்டன்று. பின்னோக்கி எடுக்கும்போது அவற்றைத் தூக்கி மாட்டிவிட வேண்டும் என்ற ஒரு கவனம் மட்டும் தேவை. பின்னோக்கியும் தாங்கும்படி செய்யப்பட்டவையும் உண்டு. சுரண்டி இல்லாதவர், வெப்பம் ஏறத் தொடங்கியதுமே வேகத்தைக் குறைத்து, தடத்தின் ஓரத்தில் மிதிபடாமல் கிடக்கும் பனிக்குள் சிறிது தூரம் ஓட்டினால் முள் இறங்குவதைக் கண்ணாரக் காணலாம். விளக்கு எரிந்த பின்னும் ஓட்டிக்கொண்டே போவதுதான் செய்யக்கூடாதது. நிறுத்திய பின் ஆத்திரப்பட்டுக் கூலண்ட் மூடியைத் திறப்பது அதனினும் கொடியது. அழுத்தத்தில் இருக்கும் கொதிதிரவம் முகத்தில் பீறிடும்.

புதிய வண்டிக்கென்று ஒரு குறிப்பு உண்டு. கூலண்ட் நிரப்பும்போது குழாய்களுக்குள் காற்றுக்குமிழிகள் தங்கிவிடலாம். முதல் சில ஓட்டங்களில் சூடாகி ஆறும்போது அவை வெளியேறி, திரவத்தின் மட்டம் இறங்கும். ஆகவே முதல் வாரத்தில் ஒவ்வொரு நாளும், எஞ்சின் ஆறியிருக்கும் காலை வேளையில், மட்டத்தைப் பார்ப்பது நல்லது. வெறும் தண்ணீரை ஊற்றி நிரப்புவது அங்கே பேதைமை. எத்திலீன் கிளைக்காலும் நீரும் சரிபாதியாகக் கலந்த கலவை ஏறத்தாழ மைனஸ் 37 பாகை வரை உறையாது. கொதிப்பதும் 100 பாகையைத் தாண்டித்தான். அதில் தண்ணீர் கூடினால் இரு முனையிலும் காப்புக் குறையும்.

*

இரண்டாவது, புதிய எஞ்சினைப் பழக்குவது. நம் ஊரிலும் ஒரு காலத்தில் புதிய கார்களின் பின்கண்ணாடியில் 'ரன்னிங் இன்' என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் மற்றொரு சொல்லில் உடைத்தல் என்னும் வினை இருக்கிறது. முரட்டுக் குதிரையை அடக்கும் தொழிலிலும் அதே வினைதான். காளைக் கன்றை நாம் உடைப்பதில்லை, பழக்குகிறோம். வண்டி கண்ட ஒரு மாட்டோடு இணைசேர்த்து, பாரமில்லாத வண்டியில் பூட்டி, கொஞ்ச தூரம் நடத்தி அவிழ்த்து விடுகிறோம். புதிய எஞ்சினுக்குள் நடப்பதைச் சொல்ல நம் சொல்லே பொருத்தமானது என்பது என் துணிபு.

உள்ளே நடப்பது என்ன? சிலிண்டரின் உட்சுவரைத் தொழிற்சாலையில் வேண்டுமென்றே முழு வழவழப்பாக விடுவதில்லை. பின்னல் போலக் குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கீறல்கள் இட்டு அனுப்புகிறார்கள். அக்கீறல்களில் எண்ணெய் தங்கும். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் அந்தச் சுவரோடு உரசி, மேடுகளைத் தேய்த்து, ஒன்றுக்கொன்று இசைந்த வடிவம் பெற வேண்டும். ரிங்கைச் சுவரோடு அழுத்துவதில் பெரும்பங்கு எரியும் வாயுவின் அழுத்தத்துக்கு உரியது. எஞ்சினுக்குச் சற்றேனும் உழைப்புக் கொடுத்தால்தான் அந்த அழுத்தம் உண்டாகும். உழைப்பு மிகுந்தால், இன்னும் இசையாத உலோக மேடுகள் அளவுமீறிச் சூடாகும். சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரியும்; பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையே விட்ட மயிரிழை இடைவெளி மறைந்தால், பிஸ்டன் சுவரைக் கீறும் அல்லது அதில் கவ்விக்கொள்ளும்.

இது குறித்து அங்கே இரண்டு கட்சிகள் உண்டு. தம்பியின் நண்பர் வட்டத்திலேயே இரண்டையும் கேட்டேன். முதல் நாளிலிருந்தே விரட்டினால்தான் வண்டி வேகம் கற்கும் என்பது ஒரு கட்சி. முதல் பருவம் முழுவதும் பூப்போல ஓட்ட வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டும் பிழை என்றே நினைக்கிறேன். முன்னதன் பிழையை விளக்க வேண்டியதில்லை, நாங்களே சான்று. பின்னதன் பிழை அவ்வளவு எளிதாகப் புலப்படாது. அழுத்தமே கொடுக்காமல் மணிக்கணக்கில் மெல்ல ஓட்டினால், ரிங்குகள் சுவரோடு இசையாமலே எண்ணெய் கருகிய மெருகொன்று சுவரில் படிந்துவிடும். அப்புறம் அவை இசைவது கடினம். வண்டி எண்ணெய் குடிக்கும், வலு குறையும்.

நான் வாசித்த கையேடுகள் நடுவழியைச் சொல்கின்றன. அளவுகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறினாலும் 500 கிலோமீட்டர் அல்லது 10 மணி நேர ஓட்டம் என்பது பரவலாகக் காணும் கணக்கு. அக்காலத்தில் விசையை முழுதாக அழுத்தியபடி நீண்ட நேரம் ஓட்டக் கூடாது. ஒரே வேகத்திலும் நெடுந்தூரம் போகக் கூடாது. கூட்டியும் குறைத்தும் ஓட்ட வேண்டும். இடையிடையே சில நொடிகள் விசையை நன்றாக அழுத்தி விடுவிப்பது நல்லதே. பாரவண்டி இழுக்கக் கூடாது. அளவுமீறிச் சூடாக விடக் கூடாது. இந்தக் கடைசி விதியைப் படித்தபோதுதான் கொதிப்பும் பழக்குதலும் தனித்தனிப் பாடங்களல்ல என்பது உறைத்தது. முற்றும் பழகிய எஞ்சின் ஒருவேளை பொறுத்துக்கொள்ளும் வெப்பத்தைப் பழகாத எஞ்சின் பொறுக்காது.

எஞ்சினோடு கூடப் பிறவும் பழக வேண்டியிருக்கிறது. புதிய பெல்ட்டுக்கு முதல் 50 கிலோமீட்டர் வரை மென்மையான ஓட்டம் வேண்டும். புதிய ரப்பர்ப் பட்டை சிறிது நீளும். அதன் இறுக்கத்தையும் நேர்மையையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். பழகுகாலம் முடிந்ததும் பட்டறையில் ஒரு முதல் பரிசோதனை உண்டு.

நான்கு வீச்சு எஞ்சின் என்பதால் ஒரு செய்தியைத் தனியே சொல்ல வேண்டும். பட்டறைகளில் ஃபோர் ஸ்ட்ரோக் என்பதையே நம் தொழில்நுட்பப் பாடநூல்கள் நான்கு வீச்சு என்கின்றன. பழைய இரண்டு வீச்சு வண்டிகளில் எண்ணெய் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்து வெளியேறிவிடும். பழகுகாலத்தில் சற்றுக் கூடுதலாகக் கலந்து ஊற்றும் வழக்கமும் இருந்தது. அந்த நினைவில் நான்கு வீச்சு வண்டியின் பெட்ரோலில் எண்ணெய் கலக்கக் கூடாது. இதில் எண்ணெய் தனியே தங்கிச் சுழல்கிறது. மசகாக இருப்பதோடு வெப்பத்தைச் சுமந்து செல்வதும் அதன் வேலை. பழகுகாலத்தில் தேய்ந்த உலோகத் துகள்களும் அதில்தான் சேரும். ஆதலால் கையேடு சொல்லும் முறையில் மட்டத்தை அளப்பதும், சொல்லும் தவணையில் முதல் எண்ணெயை மாற்றுவதும் தவிர்க்கக் கூடாதவை. கடுங்குளிரில் எண்ணெய் தேன்போலக் கெட்டியாகிவிடும். கிளப்பியவுடன் விரட்டாமல், அது எல்லா இடமும் சென்று சேரச் சில நிமிடங்கள் கொடுக்க வேண்டும். அதற்காகத் தினமும் வாசலிலேயே சற்று ஓடவிட்டு அணைத்துவிடுவதும் தவறு. எஞ்சின் முழுச்சூடு பெறாவிட்டால் உள்ளே வியர்க்கும் நீர் எண்ணெயோடு கலந்து பால் நிறமாகிவிடும்.

*

ஒரு பொழுதுபோக்கு வண்டிக்கு இத்தனை அக்கறை எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். இந்த வண்டியின் வரலாறு பொழுதுபோக்கில் தொடங்கவில்லை. கியூபெக் மாநிலத்தின் வல்கூர் என்னும் சிற்றூரில் பட்டறை வைத்திருந்த ஜோசப் அர்மான் பொம்பார்டியே, பனியில் ஓடும் வண்டி ஒன்றைச் செய்துவிட இளமையிலிருந்தே முயன்றுகொண்டிருந்தார். 1934ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகனுக்கு வயிற்று உள்ளுறையில் அழற்சி கண்டது. சாலைகள் பனியில் மூடிக் கிடந்தன. பட்டறையில் இருந்த வண்டி ஓடும் நிலையில் இல்லை. மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியாமல் குழந்தை இறந்தது. மூன்று ஆண்டுகளில், 1937இல், அவருடைய பட்டைச் சக்கர அமைப்புக்குக் காப்புரிமை கிடைத்தது. ஏழு பேர் அமரும் பனி வண்டிகள் மருத்துவர்களையும் அஞ்சலையும் பள்ளிப் பிள்ளைகளையும் சுமந்தன. ஒருவர் இருவர் ஏறும் இன்றைய வடிவம், ஸ்கீடூ என்ற பெயரில், 1959இல்தான் வந்தது. ஓடும் நிலையில் ஒரு வண்டி இருப்பதும் இல்லாததும் அங்கே எவ்வளவு பொருளுடையவை என்பதற்கு இந்தக் கதை போதும்.

மறுபக்கமும் உண்டு. பின்லாந்தின் வடகோடியில் கலைமான் மேய்த்து வாழ்ந்த ஸ்கோல்ட் சாமி என்னும் இனக்குழுவிடம் 1960களின் தொடக்கத்தில் இவ்வண்டி வந்து சேர்ந்தது. பெர்ட்டி பெல்ட்டோ என்ற மானுடவியலாளர் அதன் விளைவுகளை ஆராய்ந்து 1973இல் ஒரு நூல் வெளியிட்டார். கலைமான் இழுத்த சறுக்குவண்டிக்குத் தீனி நிலத்திலேயே கிடைத்தது. புதிய வண்டிக்கோ பெட்ரோலும் உதிரிப்பாகமும் ரொக்கமும் வேண்டும். வண்டியை வாங்கவும் பேணவும் முடிந்தவர்கள் முன்னேறினார்கள். முடியாதவர்கள் சில ஆண்டுகளுக்குள் மேய்ச்சல் தொழிலிலிருந்தே விலக நேர்ந்தது. ஓர் எஞ்சின் சீக்கிரம் கெடுவது அவர்களுக்கு வாழ்வாதாரச் சிக்கல்.

நான்கு வீச்சு எஞ்சின் இந்த வண்டிக்குள் வந்ததும் வேறொரு நெருக்கடியால்தான். இரண்டு வீச்சு வண்டிகளின் நீலப்புகை, அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் வாயிலில் நின்ற காவலர்கள் சுவாசக் கவசம் அணியும் அளவுக்குப் போனது. 2000களின் தொடக்கத்தில் நடந்தது அது. பின்னர் வந்த பூங்கா விதிகள் புகையும் ஓசையும் குறைந்த வண்டிகளையே அனுமதித்தன. அவற்றில் பெரும்பாலானவை நான்கு வீச்சு வண்டிகள். அவ்வகையில் பெயர் பெற்றிருந்த யமஹா நிறுவனம், வட அமெரிக்காவில் 2025ஆம் ஆண்டு மாடல்களோடு ஸ்னோமொபைல் விற்பனையை முடித்துக்கொள்வதாக 2023இல் அறிவித்தது. கையில் இருக்கும் வண்டியை நெடுங்காலம் வைத்திருக்க வேண்டிய தேவை இப்போது பலருக்கு உண்டு.

*

இனி என் குறை.

தம்பி வண்டி வாங்கிய கடையில் அவனிடம் நான்கு இடங்களில் கையொப்பம் வாங்கினார்கள். தவணை, காப்பீடு, உத்தரவாதம் எல்லாம் விளக்கினார்கள். உதிரிப்பனி இல்லாத இடத்தில் இது கொதிக்கும் என்ற ஒரு வாக்கியத்தை யாரும் சொல்லவில்லை. கையேட்டில் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, பல பக்கங்கள் எச்சரிக்கைகளுக்கு நடுவில், எல்லா எச்சரிக்கையும் ஒரே தடிப்பில் அச்சாகி, எது உயிர் காப்பது, எது வழக்கறிஞருக்காக எழுதப்பட்டது என்று பிரித்தறிய முடியாதபடி இருக்கிறது. நம் உரையாசிரியர்கள் நூற்பாவை அப்படியே விட்டுவிட மாட்டார்கள். ஏன் என்று ஒரு வரி சேர்ப்பார்கள். 'பனிக்கட்டியில் நெடுநேரம் ஓட்டாதீர்' என்பதோடு 'ஏனெனில் உம் வண்டிக்குப் பனித்தூளே ரேடியேட்டர்' என்றும் ஒரு வரி இருந்திருந்தால், அந்தச் சிவப்பு விளக்கை என் தம்பி நம்பியிருப்பான். காரணம் தெரியாதவனுக்கு விதி வெறும் மிரட்டலாகவே தோன்றும். புதிதாக வாங்குபவருக்குக் கடைக்காரர் அரைமணி நேரம் செலவிட்டு இந்த இரண்டு செய்திகளையும், கொதிப்பையும் பழக்குதலையும், காரணத்தோடு வாயால் சொல்ல வேண்டும். கையொப்பம் வாங்குவதைப் போல அதையும் விற்பனையின் ஒரு பகுதியாக்க வேண்டும் என்பது என் கருத்து.

குறை அவர்கள்மீது மட்டுமன்று. வாசிப்பைப் பற்றி இருபது ஆண்டுகளாக வகுப்பில் பேசி வருபவன், மூன்று நாள் அந்த இருக்கையின் மேல் அமர்ந்து போனேன். அதன் கீழே ஒரு நூல் இருக்கும் என்று எனக்கும் தோன்றவில்லை.

பட்டறையில் எஞ்சினின் தலைப்பகுதியைக் கழற்றிப் பார்த்தார்கள். கேஸ்கெட் போயிருந்தது, சிலிண்டர் சுவர் தப்பியிருந்தது. அதிக வெப்பம் பயன்படுத்துபவரின் தவறு என்று சொல்லி உத்தரவாதத்தில் சேர்க்க மறுத்தார்கள். தம்பி சொந்தப் பணத்தில் கட்டினான். சுரண்டிகளையும் அன்றே வாங்கிப் பொருத்தினான். அதன்பின் நான் ஊர் திரும்பும்வரை நாங்கள் சென்றது காட்டுத் தடங்களில்தான். கூட்டியும் குறைத்தும், ஒவ்வொரு அரைமணிக்கும் ஒருமுறை நின்று முள்ளைப் பார்த்துக்கொண்டும் போனோம். பாரம் குறையட்டும் என்று, ஏற்றம் வரும் இடங்களில் நான் இறங்கி நடந்தேன்.

பிப்ரவரியில் ஒருநாள், வகுப்புக்குப் போகும் வழியில், கைப்பேசியில் ஒரு படம் வந்தது. வண்டியின் முகப்பில் 503 கிலோமீட்டர் என்ற எண். கீழே தம்பி எழுதியிருந்தான்: "எண்ணெய் மாத்தியாச்சு அண்ணா. அடுத்த வருஷம் நீங்களும் ஓட்டலாம்."